வாடகை வீடும் வெந்நீர்க் கலனும்



மார்கழி, தை மாதங்களில் இலண்டனிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்களைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு ஒரு செய்தி அடிக்கடி காதில் விழுந்திருக்கும். சுகம் விசாரித்து முடிந்ததும், "இங்கே பொயிலர் நின்று மூன்று நாளாயிற்று, அம்மா" என்று மகனோ மகளோ சொல்லுவர். ஏதோ பாத்திரம் ஒன்று பழுதாகிவிட்டது போலும் என்று எண்ணி, "அதற்கென்ன, வேறொன்று வாங்கினாற் போயிற்று" என்று இங்கிருந்து ஆறுதல் கூறிய தாய்மாரும் உளர். அவ்வாறு வாங்கிவிடக்கூடிய பொருளன்று அது. வாடகை வீடாயின், அதனை வாங்கும் கடமையும் உரிமையும் குடியிருப்பவருடையவுமல்ல.

ஈஸ்ற் ஹாம், ஹரோ, வெம்பிளி, ரூட்டிங் ஆகிய பகுதிகளில் நம்மவர் பலர் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். சிலர் ஒன்றிரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டும் இருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே குளிர்காலந்தோறும் எழும் வழக்கு ஒன்று உண்டு. பொயிலர் பழுதுபட்டால் அதனைத் திருத்தித் தருவதாகக் கூறி, மாதந்தோறும் கட்டணம் வாங்கும் கம்பனிகள் அந்நாட்டிற் பல. இந்த ஏற்பாட்டைப் 'பொயிலர் கவர்' என்று அங்குள்ளோர் அழைப்பர். நாம் கொதிகலன் காப்பு என்று வைத்துக்கொள்வோம். வாடகை வீட்டிற்கு இக்காப்பினை வீட்டுடைமையாளர் எடுத்து வைக்கத்தான் வேண்டுமா, அதற்குரிய பணத்தைக் கொடுப்பது யார், கொடுப்பது தகுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்தக் கலன் யாதென்று காண்போம். ஒருகாலத்தில் இங்கிலாந்து மக்கள் அறைக்கு ஒரு கணப்பு வைத்து நிலக்கரி எரித்தே குளிர்காய்ந்தனர். 1952 டிசெம்பரில் இலண்டனை மூடிய புகைமூட்டம் பல்லாயிரவரின் உயிரைக் குடித்தது; அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் வட கடலின் அடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட, 1967 முதல் 1977 வரையான பத்தாண்டுகளில் நாடு முழுவதிலுமுள்ள வாயு அடுப்புக்களும் கணப்புக்களும் அப்புதிய வாயுவுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன. நிலக்கரிக் கணப்பு மறைந்த இடத்திலே, சமையலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று ஏறிற்று. அதுவே பொயிலர். அதனுள் வாயு எரிந்து நீரைச் சூடாக்கும். ஒரு பம்பி அந்நீரை வீடெங்கும் உள்ள இரும்புத் தகடுகளுக்கு, அதாவது றேடியேற்றர்களுக்கு, அனுப்பும். குழாயில் வரும் குளிக்கும் நீரும் அதிலேயே சூடேறும். ஆகவே பெட்டி நின்றால் அறையின் சூடும் இல்லை, குளிக்க வெந்நீரும் இல்லை. வெளியே பனி உறைந்து கிடக்கும் காலத்தில் கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டிலே இதன் பொருள் என்னவென்பதை, நுவரெலியாவில் ஒரு தை மாத இரவைக் கழித்தவர்கள் ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவு என்றே சொல்லுகின்றேன்.

2005 ஏப்ரில் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தப்படும் வாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் நீங்கலாக, 'கண்டென்சிங்' என்னும் ஒடுக்க வகையினவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. புகையோடு வீணே வெளியேறும் நீராவியை உள்ளேயே குளிரவைத்து நீராக்கி, அது நீராகும்போது விடும் வெப்பத்தையும் பயன்கொள்ளும் கருவி இது. எரிபொருள் மிச்சமாகும். ஆனால் அவ்வாறு உண்டான நீர் சிறு பிளாஸ்ரிக் குழாய் ஒன்றின் வழியே வெளியேற வேண்டும். அக்குழாய் வீட்டின் வெளிச் சுவரோரமாகப் போகுமாயின், கடுங் குளிரில் அதனுள் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். உடனே கொதிகலன் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். எந்த நாளில் அது மிகவும் வேண்டப்படுகின்றதோ அந்த நாளிலேயே அது நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2010 டிசெம்பர், அந்நாட்டின் பதிவேடுகளில் 1910 முதல் அதுவரை கண்ட டிசெம்பர் மாதங்களுள் மிகக் குளிரானது. அப்பொழுது இவ்வகையில் நின்றுபோன கலன்கள் ஏராளம்.

அவற்றுள் ஒன்று, மாணவனாக நான் குடியிருந்த ஈஸ்ற் ஹாம் வீட்டில் இருந்தது. அக்கதையைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். காப்பு என்பது எவ்விடத்தில் உதவும், எவ்விடத்தில் கைவிடும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

மேல்தளத்தில் நானும் வேறு இரு மாணவர்களும். கீழ்த்தளத்தில் ஐந்து மாதக் குழந்தையோடு ஓர் இளங் குடும்பம். வீட்டுடைமையாளர் நம்மவரே. அண்ணை என்றே அழைப்போம்; அவரும் எங்களைத் தம்பி என்பார். நல்ல மனிதர். பண்டிகை நாட்களில் பலகாரம் கொண்டுவந்து தருவார். டிசெம்பரிற் கலன் நின்றதும் அவருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். "பயப்படாதையுங்கோ தம்பி, நான் மாதா மாதம் கவருக்குக் காசு கட்டுறன், அவையள் வந்து பார்ப்பினம்" என்றார். கம்பனியாரோ, அழைப்புக்கள் மலைபோற் குவிந்திருப்பதால் நான்காம் நாளே வர இயலும் என்றனர். இதற்கிடையில் அயல்வீட்டு ஆங்கிலேயக் கிழவர் ஒருவர் கையில் கேத்தலோடு வந்தார். வெளிச் சுவரில் இருந்த குழாயைத் தடவிப் பார்த்து, கொதிநீரல்ல, கைபொறுக்கும் சூடுள்ள நீரை மெல்ல அதன்மேல் ஊற்றினார். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தச் சொன்னார். கலன் இரைந்து எழுந்தது. காப்பும் காசும் செய்யாததை ஒரு கேத்தல் தண்ணீர் செய்தது.

இது முன்கதை. தை மாத நடுவில் அது மறுபடியும் நின்றது. இம்முறை கேத்தல் உதவவில்லை. கம்பனியின் ஆள் இரண்டாம் நாளே வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். இலண்டன் நீர் சுண்ணாம்பு மிகுந்தது என்பதை நேயர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோல, அங்கும் படியும். கலனுக்குள் நீரைச் சூடாக்கும் பகுதியில் அப்படிவு அடைத்துவிட்டது. ஆள் அதனைக் காட்டிவிட்டு, ஒப்பந்தத்திற் சுண்ணப் படிவால் வரும் பழுது விலக்கப்பட்டிருக்கின்றது என்று கூறி, தாள் ஒன்றிற் கையெழுத்திட்டுப் போய்விட்டார். அண்ணைக்குச் சொன்னோம். அவர் கம்பனியோடு வாதிட்டார். கம்பனி மறுத்தது. அவர் மறுபடியும் வாதிட்டார். "நாலு வருஷமாய்க் கட்டியிருக்கிறன் தம்பி, அவையள்தான் செய்யவேணும், நான் ஏன் இன்னொருக்காக் காசு குடுக்க?" என்றார். அவர் கேட்டதில் அவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதம் நடந்தேறிய பதினொரு நாட்களும் கீழ்த்தளத்துத் தாய் அடுப்பிலே நீர் காய்ச்சிக் குழந்தையைக் குளிப்பாட்டினாள். நாங்கள் மேலங்கியோடு உறங்கினோம். பதினோராம் நாள் அண்ணை தம் கைக்காசிலே வேறொரு தொழில்வல்லாரை அழைத்துத் திருத்துவித்தார்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். கலன் நிற்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, வெந்நீர் திறக்கும்போதெல்லாம் அதனுள் கேத்தல் கொதிப்பது போன்ற இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. சுண்ணம் படிவதன் அறிகுறி அதுவென்று எங்களுக்குத் தெரியாது. தெரியாவிடினும் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

இப்பொழுது சட்டத்தைப் பார்ப்போம். அண்ணையின் எண்ணத்தில் இருந்த பிழை அங்கேதான் தெளிவாகும்.

இங்கிலாந்திலே, ஏழு ஆண்டுக்குக் குறைந்த தவணைக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர், அறைகளைச் சூடாக்கும் பொறியையும் வெந்நீர்ப் பொறியையும் பழுது பார்த்து இயங்கும் நிலையில் வைத்திருத்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் முதன்முதல் வந்த இக்கடமை, இன்று 1985ஆம் ஆண்டின் வீட்டுடைமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவாக விளங்குகின்றது. வாடகை உடன்படிக்கையில் "பொயிலர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு" என்று எழுதி ஒப்பம் வாங்கினாலும் அது செல்லாது. வேல்ஸில் 2022 டிசெம்பர் முதல் வேறு சட்டமும், ஸ்கொத்லாந்தில் 2006ஆம் ஆண்டின் சட்டமும் ஏறக்குறைய இதே கடமையை விதிக்கின்றன. ஆதலால் பழுது பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு இடமில்லை. வீட்டுடைமையாளரே.

ஆனால் அக்கடமை எப்பொழுது விழிக்கின்றது என்பதில் நுட்பம் ஒன்று உண்டு. 1973இல் ஓபிறையன் எதிர் றொபின்சன் என்னும் வழக்கிலே, வீட்டினுள் உள்ள பழுதைப் பற்றி உடைமையாளருக்குத் தகவல் கிடைத்த பின்னரே அவர் பொறுப்புத் தொடங்கும் என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. அது கூரைத்தளம் இடிந்து விழுந்த வழக்கு. விதி கொதிகலனுக்கும் பொருந்தும். தகவல் கிடைத்த பின் நியாயமான காலத்துள் திருத்த வேண்டும். அக்காலம் இத்தனை நாள் என்று அந்தப் பிரிவு கூறவில்லை. வைகாசியில் நியாயமானது தையில் நியாயமாகாது. தனி இளைஞன் உள்ள வீட்டில் நியாயமானது கைக்குழந்தை உள்ள வீட்டில் நியாயமாகாது. இதன் காரணமாகவே, தொலைபேசியிற் சொன்னாலும், பின்னர் நாளும் நேரமும் இட்டு எழுத்திலும் அறிவித்துவிட வேண்டும் என்று குடியிருப்போருக்கு நான் வற்புறுத்துவேன். கைத்தொலைபேசியில் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி போதும்.

காப்புக் கம்பனிக்கும் குடியிருப்பவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவுமில்லை என்பதை இங்கே நோக்குக. கம்பனி கடமைப்பட்டது வீட்டுடைமையாளருக்கு. வீட்டுடைமையாளர் கடமைப்பட்டது குடியிருப்பவருக்கு. முன்னது முறிந்தாலும் பின்னது முறியாது. கம்பனி மறுத்த அன்றே அண்ணை வேறொருவரை அழைத்துத் திருத்துவித்துவிட்டு, பின்னர் எத்தனை மாதம் வேண்டுமானாலும் கம்பனியோடு வாதிட்டிருக்கலாம். அவர் காப்பு எடுத்ததனால் கடமையையே கம்பனியிடம் ஒப்படைத்துவிட்டதாக எண்ணினார். காப்பு என்பது செலவைச் சமாளிக்கும் ஒரு வழி. கடமை இருந்த இடத்தில்தான் இருக்கின்றது.

அப்படியானால் கட்டணத்தைக் குடியிருப்பவரிடமிருந்து வாங்கலாமா? 2019 யூன் 1 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த குடியிருப்போர் கட்டணச் சட்டம் அதற்கு வழியடைத்துவிட்டது. வாடகை, வைப்புப் பணம் முதலாக அச்சட்டம் பெயர்குறித்து அனுமதித்தவை தவிர வேறு கட்டணம் கேட்கலாகாது. இன்ன கம்பனியிடம் காப்புறுதி எடு என்று குடியிருப்பவரை நிர்ப்பந்திக்கவும் ஆகாது. மாதவாடகையிற் சேர்த்து வசூலிக்கிறார்களே எனின், வாடகையை நிர்ணயிக்கும்போது எல்லாச் செலவும் மனக்கணக்கில் ஏறத்தான் செய்யும். அது வேறு, தனியாக ஒரு சிட்டை நீட்டுவது வேறு.

வருடாந்தப் பாதுகாப்புச் சோதனையைப் பற்றியும் ஒரு மயக்கம் பரவலாக உண்டு. 1998ஆம் ஆண்டின் வாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாடகை வீட்டில் உடைமையாளர் வைத்துள்ள வாயுக் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பிக்க வேண்டும். சோதிப்பவர், 2009 ஏப்ரில் முதல் வழங்கும் 'காஸ் சேவ்' பதிவேட்டிற் பெயர் உள்ளவராதல் வேண்டும். சோதனைத் தாளின் பிரதியைக் குடியிருப்பவருக்கு 28 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு அவர் குடிபுகுமுன் கொடுக்க வேண்டும். தவறுதல் குற்றம். இவ்வளவு கண்டிப்பு ஏனெனில், வாயு சரிவர எரியாவிடிற் கரியோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். 2022 ஒக்டோபர் முதல், கொதிகலன் போன்ற எரிகருவி உள்ள ஒவ்வோர் வாழும் அறையிலும் அந்நச்சு வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்றை இங்கிலாந்து வீட்டுடைமையாளர் வைத்தாக வேண்டும்.

சோதனை என்பது கருவி ஆபத்தற்றதா என்று பார்ப்பது. பராமரிப்பு என்பது அதனைத் திறந்து துடைத்துச் சீராக்குவது. காப்பு என்பது பழுதானபின் திருத்துவது. இம்மூன்றும் ஒன்றல்ல. சோதனைத் தாள் கையிலிருக்கவே கலன் நின்றுபோகலாம். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சில காப்புத் திட்டங்களிற் சோதனையும் பராமரிப்பும் சேர்ந்தே வரும். அப்படி வருமாயின் அவ்விரண்டையும் தனியே செய்விக்க ஆகும் தொகையைக் கட்டணத்திலிருந்து கழித்துப் பார்த்தே மிகுதிக்குப் பெறுமதி உண்டா என்று முடிவு செய்ய வேண்டும். பலர் இந்தக் கழித்தலைச் செய்வதில்லை.

கணக்குக்கு வருவோம். கம்பனிக்குக் கம்பனி கட்டணம் வேறுபடும். மாதம் 18 பவுண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 216 பவுண். பத்தாண்டுக்கு 2,160 பவுண். ஒரு கொதிகலன் நன்கு பேணப்பட்டால் பத்து முதல் பதினைந்து ஆண்டு உழைக்கும். அதன் வாழ்நாளில் ஒரு பம்பி, ஒரு விசிறி, மின்பலகை ஒன்று என்று இரண்டு மூன்று பாரிய பழுதுகள் வரக்கூடும்; ஒவ்வொன்றுக்கும் சில நூறு பவுண் ஆகும். பத்தாண்டுக் கட்டணத்தையும் அப்பழுதுகளின் செலவையும் தராசில் இட்டால், பெரும்பாலும் கட்டணத் தட்டே தாழும். தாழத்தானே வேண்டும்? கம்பனி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, விளம்பரம் செய்து, இலாபமும் காண்பது அந்த வித்தியாசத்தில்தான். காப்புறுதி வகைக் கட்டணங்களில் 2017 யூன் முதல் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் காப்புறுதி வரியும் சேர்ந்திருக்கின்றது.

புதிய கலன் பொருத்திய வீட்டுக்கு உடனே காப்பு எடுப்பவர் செயல் எனக்கு விளங்குவதில்லை. உற்பத்தியாளர் பலர் ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள்கூட உத்தரவாதம் தருகின்றனர். ஏழாண்டு உத்தரவாதம் உள்ள கலனுக்கு மாதம் 18 பவுண் வீதம் அந்த ஏழாண்டும் கட்டினால் 1,512 பவுண் ஆகும். அதிற் பெரும்பகுதி, முன்னரே கையில் இருக்கும் பாதுகாப்பை மறுபடியும் விலைகொடுத்து வாங்குவதேயாகும். ஆயினும் ஆண்டுதோறும் பதிவுபெற்றவரைக் கொண்டு பராமரிப்புச் செய்து, அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவித்திருந்தால் மாத்திரமே உத்தரவாதம் நிற்கும். பராமரிப்புக்குச் செலவிடத் தயங்கிக் காப்புக்குக் கட்டணம் கட்டுபவர் இரண்டையும் இழக்கக்கூடும். பராமரிக்கப்படாத கலனைக் காப்புக் கம்பனிகளும் ஏற்க மறுப்பது உண்டு.

மறுதலையாக, மிகப் பழைய கலன் உள்ளவர் காப்பினை நாடுவர். அவர்களுக்கே அது தேவை என்று தோன்றும். ஆனால் இத்தனை ஆண்டுக்கு மேற்பட்ட கலனை ஏற்கமாட்டோம் என்றோ, ஏற்றாலும் திருத்தும் செலவு கலனின் மதிப்பை மிஞ்சினால் புதியது தரமாட்டோம் என்றோ ஒப்பந்தங்கள் பல கூறும். ஆகவே புதியதற்கு வேண்டியதில்லை, முதியதற்குக் கிடைப்பதில்லை. உத்தரவாதம் முடிந்து, முதுமை தொடங்காத இடைக்காலம் ஒன்று இருக்கின்றது. ஏறத்தாழ ஏழாம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் ஆண்டு வரை என்று சொல்லலாம். காப்பினைப் பற்றி ஆராய வேண்டிய காலம் அதுவே.

வருமான வரியிற் கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் காப்புக்காக வாதிடுவர். காப்புக் கட்டணம் கழிவுக்குரிய செலவு என்பது மெய். பழுதுபார்க்கும் செலவும் அவ்வாறே கழிவுக்குரியது. பழைய கலனை நீக்கி அதே தரத்துப் புதிய கலனைப் பொருத்தும் செலவும் பொதுவாகப் பழுதுபார்த்தலாகவே கொள்ளப்படும். ஆகையால் வரி எந்தத் தட்டையும் தாழ்த்துவதில்லை.

பத்து வீடு உடையவர் காப்பெடுப்பது எவ்வகையிலும் வீண் என்பது என் கருத்து. நான் சொன்ன கணக்கின்படி அவர் ஆண்டுக்கு 2,160 பவுண் கட்டுவார். பத்துக் கலன்களும் ஒரே தையில் நின்றுவிடுவதில்லை. அப்பணத்தைத் தனிக் கணக்கில் இட்டு, நம்பிக்கையான தொழில்வல்லார் ஒருவரை வழக்கமாக வைத்துக்கொண்டால், அவர் தம்முடைய காப்புறுதிக் கம்பனியாகத் தாமே ஆகிவிடுவார். அந்தத் தொழில்வல்லாரும், ஆண்டுதோறும் பத்து வீட்டு வேலை தருபவர் அழைத்தால், நத்தார் வாரத்திலும் ஓடிவருவார். குளிர்நாளில் இந்தப் பழக்கமே பெரிய காப்பு.

ஒற்றை வீட்டுக்காரர் நிலை அவ்வாறன்று. வீட்டை வாங்க வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டி, வாடகையிற் கையில் ஒன்றும் மிஞ்சாதவர் பலர். திடீரென 600 பவுண் கேட்டால் அவர் திகைப்பார், திகைப்பு தாமதமாகும், தாமதத்தைக் குளிரில் அனுபவிப்பவர் குடியிருப்பவர். இத்தகையவருக்கு மாதம் 18 பவுண் கணக்குப்படி நட்டமாயினும் நடைமுறையில் தகும். வெளிநாட்டில் வாழும் உடைமையாளருக்கும் அப்படியே. இலண்டனிலே வீட்டை விட்டுவிட்டுக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வந்து தங்கியிருப்பவர்கள், நம் நேயர்களிலேயே சிலர் இருக்கக்கூடும். அங்கே இரவு எட்டு மணிக்குக் கலன் நின்றால், குளிர்காலத்தில் இங்கே பின்னிரவு ஒன்றரை மணி. அந்நேரத்தில் இவரை எழுப்புவதிலும், குடியிருப்பவர் நேரே அழைக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் ஒன்று இருப்பது மேல். அவ்வகையிற் காப்பு எடுப்போர், குடியிருப்பவரின் பெயரிலும் அழைப்பை ஏற்கும்படி கம்பனியிடம் பதிவு செய்வித்து, அவ்விலக்கத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டுவிக்க வேண்டும். உடைமையாளர் அழைத்தாலன்றி வரமாட்டோம் என்று கம்பனி சொல்லிவிட்டால், அங்கே கிடைக்கும் பயன் முழுவதும் போய்விடும்.

எடுப்பதாயின் ஒப்பந்தத்தை எங்ஙனம் வாசிப்பது? விளம்பரத்தை விட்டு, விலக்குகள் என்ற தலைப்பின்கீழ்ச் சிறு எழுத்தில் உள்ள பகுதியை முதலிற் படிக்க வேண்டும். சுண்ணப் படிவும் றேடியேற்றர்களில் ஊறும் கருஞ்சேறும் விலக்கப்பட்டுள்ளனவா? இலண்டனில் இது முக்கியம். கட்றின் ஏரியின் மென்னீரை 1859 முதல் குடிக்கும் கிளாஸ்கோ நகரத்தில் சுண்ணம் ஒரு பொருட்டன்று. உடைமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கென எழுதிய ஒப்பந்தம் வாடகை வீட்டுக்குச் செல்லாமற் போகலாம். வாடகை வீட்டுக்குரியதென்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எடுத்த முதற் சில வாரங்களுக்கு உரிமை கோர முடியாதென்ற நிபந்தனை இருக்கும். ஆகவே கலன் இருமத் தொடங்கியபின் ஓடிப்போய் எடுப்பதிற் பயனில்லை. எத்தனை மணிநேரத்துள் வருவர் என்பதையும், வருவது வேறு, திருத்துவது வேறு என்பதையும் கேட்டறிய வேண்டும். அது காப்புறுதி ஒப்பந்தமா, வெறும் சேவை ஒப்பந்தமா என்பதும் ஒரு கேள்வி. காப்புறுதியாயின், கம்பனி அநியாயமாக மறுத்தால் நிதித்துறைக் குறைகேள் அலுவலகத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம். சேவை ஒப்பந்தத்துக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறவாது.

குடியிருப்பவர் கடமை சிறிதாயினும் அதுவும் உண்டு. 1953இல் வாறன் எதிர் கீன் என்ற வழக்கில் டெனிங் பிரபு, குடியிருப்பவர் வீட்டைக் குடியிருப்பவருக்குத் தகுந்த முறையில் ஆள வேண்டும் என்பதை விளக்கினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுக்களுள், குளிர்காலம் முழுவதும் வெளியூர் போவதானால் நீரை அடைத்துக் கொதிகலனை வெறுமையாக்கிச் செல்வதும் ஒன்று. நம்மவர் டிசெம்பரில் ஊருக்கு வரும்போது இதனை நினைவிற் கொள்ளலாம். முற்றாக அணைத்துவிட்டு வருவதிலும், உறையாத அளவுக்குக் குறைந்த சூட்டில் விட்டு வருவது இக்காலக் கலன்களுக்குப் பொருந்தும். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, அது ஒன்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் கைநூலில் உள்ளபடி நீர் சேர்ப்பதும், உறைந்த குழாய்க்கு வெதுநீர் ஊற்றுவதும் குடியிருப்பவரே செய்யக்கூடியவை. பெட்டியின் மூடியைத் திறப்பது மட்டும் ஆகாது. அது பதிவுபெற்றவர் வேலை.

உடைமையாளர் எழுத்தில் அறிவித்தும் அசையாதிருந்தால் நகரசபையின் சுகாதார அலுவலரிடம் முறையிடலாம். 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் பரிசோதிக்கும் 29 வகை ஆபத்துக்களுள் கடுங் குளிர் ஒன்று. 2019 மார்ச் முதல், வாழத் தகுதியற்ற வீட்டுக்காகக் குடியிருப்பவரே நேரில் வழக்குத் தொடரவும் சட்டம் இடம் தருகின்றது. செலவை நாமே செய்து வாடகையிற் கழித்துக்கொள்வதற்கு 1971ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று ஆதாரமாக உண்டு. ஆனால் அறிவித்தல், அவகாசம், விலைமதிப்புக்கள் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திராவிட்டால், அது வாடகை பாக்கி என்று பேர்பெற்றுக் குடியெழுப்பும் வழக்கில் முடியும். ஆலோசனை கேளாமல் அவ்வழியில் இறங்க வேண்டாம்.

ஈஸ்ற் ஹாம் அண்ணை அந்த ஆண்டுப் பங்குனியிற் காப்பினை நிறுத்திவிட்டார். அவர் வாங்கியது, நீர் நுழையும் குழாயிற் பூட்டும் சுண்ணந் தடுக்கும் சிறு கருவி ஒன்று. ஐப்பசி பிறக்குமுன்னரே, நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கையிலே, தொழில்வல்லாரை அழைத்துவந்து கலனைத் திறந்து துடைப்பித்தார். மாதம் கட்டி வந்த பணத்தை வேறாக வைத்திருப்பதாகவும் சொன்னார். வைத்திருந்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அடுத்த தையிற் கலன் நிற்கவில்லை. கீழ்த்தளத்துக் குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கி, றேடியேற்றரிற் கை சுட்டு அழுதது.